லா சப்பலில் ஓர் ஒருமை வழக்கு

முப்பத்தோரு வருடம் பிரெஞ்சுப் புரட்சியைப் பாடம் நடத்திவிட்டு, ஐம்பத்தேழாவது வயதில் முதல்முறையாகப் பாரிஸுக்குப் போன என்னை வரவேற்றது ஒரு பெட்டி நிறைய வாழைப்பூ. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மெட்ரோ ரயில் தலைக்கு மேலே ஓடுகிறது. படியிறங்கி, சூட்கேஸை இழுத்துக்கொண்டு இரண்டு தெரு நடந்தால் பவானி வேலை செய்யும் மளிகைக்கடை. வாசலில் வாழைப்பூ, முருங்கைக்காய், ஈரத்துணி சுற்றிய கறிவேப்பிலைக் கட்டுகள். மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, சுற்றிவிட்டு மாட்டுத்தாவணியிலேயே வந்து இறங்கிவிட்டேனோ என்று ஒரு கணம் தோன்றியது.

பவானி என் கல்லூரித் தோழி கலாவின் அண்ணி. யாழ்ப்பாணத்துக்காரர். பாரிஸுக்கு வந்து இருபத்தைந்து வருடமாகிறது. கலாவின் அண்ணன் லியோன் நகரில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவார். அதனால் ஒரு வாரத்துக்கு எனக்கு ஓர் அறை கிடைத்தது. பில் போடும் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்த பவானி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கோ ரீச்சர். முதல்ல சாப்பிடுங்கோ. பாரிஸ் எங்கையும் ஓடிப் போகாது."

ரூ லூயி-பிளாங்க் என்ற தெருவில் ஒரு சின்ன உணவகத்தில் உட்காரவைத்து, இடியப்பமும் சொதியும் சம்பலும் சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டார். பக்கத்து மேசையில் இரண்டு பையன்கள் ஒருவரோடொருவர் பிரெஞ்சில் சண்டை போட்டுக்கொண்டே கொத்து ரொட்டி தின்றார்கள். பரிமாறியவர் அவர்களை யாழ்ப்பாணத் தமிழில் அதட்டினார். அவர்கள் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார்கள். நான் சொதியைக் குடித்தேன். வந்தது வீண்போகவில்லை என்று பட்டது.

எதற்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுப் புரட்சி என்றால் எல்லோருக்கும் சிறைக்கோட்டையும் தலைவெட்டும் இயந்திரமும்தான் ஞாபகம் வரும். என் ஆராய்ச்சி அதைப் பற்றியல்ல. அரசனின் தலை போன காலத்தில் பாரிஸ் ஜனங்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதைப் பற்றி. பிரெஞ்சிலும் நம் 'நீ' போல ஒன்றும் 'நீங்கள்' போல ஒன்றும் உண்டு. பன்மை 'வூ'. ஒருமையைத் 'தூ' என்று எழுதினால் துப்புகிற மாதிரி இருக்கும், அதனால் 'த்யு' என்று எழுதுகிறேன். எல்லோரும் சமம், ஆகவே எல்லோரும் எல்லோரையும் 'த்யு' என்றே கூப்பிடுவோம் என்று புரட்சிக்காரர்கள் கிளம்பினார்கள். வேலைக்காரன் முதலாளியை, மாணவன் ஆசிரியரை, எவரும் எவரையும். நம் ஊரில் ஒருமையில் பேசினால் கைகலப்பு வரும். அங்கே பன்மையில் பேசினால் சந்தேகப் பார்வை விழுந்தது.

என் முனைவர் பட்டத்தின் முதுகெலும்பு ஒரு சலவைக்காரி. பத்திரம் எழுதும் ஒரு நோட்டரி வீட்டுத் துணிகளை வெளுத்துக்கொண்டிருந்தவள். அந்த நோட்டரியின் மீது அவள் தன் வட்டாரக் கமிட்டியில் புகார் கொடுத்தாள். அவர் தன்னைத் 'த்யு' என்று கூப்பிட வேண்டும் என்பது அவள் கோரிக்கை. நோட்டரி பழைய காலத்து மனிதர், வேண்டுமென்றே 'வூ' போட்டு அவளைத் தள்ளி நிறுத்தினார், அவளோ சமத்துவத்தின் சொல்லைத் தனக்கும் கேட்டாள் என்று நான் விளக்கினேன். புரட்சியின் மொழியை ஏழைப் பெண்களே கையிலெடுத்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி ஏது? அந்த ஒரு பத்தியை வைத்து ஒரு புத்தகம், ஏழு கட்டுரைகள், எண்ணற்ற வகுப்புகள்.

அந்தப் புகாரை எனக்கு அனுப்பியவர் மதாம் எலேன் என்ற பாரிஸ் வரலாற்றாசிரியர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய கடிதத்துக்குப் பதிலாக, பழைய அச்சுத் தொகுப்பு ஒன்றின் ஒரு பக்கத்தை நகலெடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து கடிதம், பிறகு மின்னஞ்சல். அவரும் தன் புத்தகத்தில் என் விளக்கத்தை எடுத்தாண்டார். இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. புரட்சிக் காலப் பேச்சைப் பற்றிப் புதன்கிழமை நடக்கவிருந்த கருத்தரங்குக்கு என்னை அழைத்தவரும் அவர்தான். அசல் காகிதத்தை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை.

மறுநாள் காலை ரொட்டிக்கடையில் என் பிரெஞ்சின் லட்சணம் தெரிந்துவிட்டது. நான் அந்த மொழியை மனிதர்களிடம் கற்கவில்லை. இருநூறு வருடப் பழைய மனுக்களிடமும் துண்டறிக்கைகளிடமும் கற்றேன். "குடிமகளே, தயைகூர்ந்து இந்த ரொட்டிகளில் இரண்டை எனக்கு அளிக்கச் சித்தமா?" என்ற தோரணையில் கேட்டிருக்கிறேன் போல. அந்தப் பெண் கண்ணிமைக்காமல் பார்த்தாள். பிறகு உள்ளே இருந்தவரிடம், "ஏதோ நாடகக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வந்திருக்கிறார், குரோசான் கேட்கிறார்" என்றாள். அது தெளிவாகப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

அன்று வெள்ளிக்கிழமை. ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். பை, பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பூட்டிவைத்துவிட்டு ஒரு பென்சிலோடு உள்ளே விட்டார்கள். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் தும்மலை அடக்க மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து ஓர் அட்டைப்பெட்டி வந்தது. கட்டை அவிழ்த்துக் காகிதங்களைப் புரட்டினேன். பதினெட்டாவது தாள் அவள்.

இத்தனை வருடம் புகைப்படத்தில் மட்டும் பார்த்த சொந்தக்காரரை ரயில் நிலையத்தில் பார்ப்பதுபோல் இருந்தது. எழுத்து கோணல். கமிட்டியின் குமாஸ்தா அவசரமாக எழுதியிருக்கிறான். மையில் பாதி பழுப்பாகிவிட்டது. மனப்பாடமான வாக்கியம்தானே என்று விரலை மேலே ஓட்டிக்கொண்டே வந்தேன். கோரிக்கை வரும் இடத்தில் விரல் நின்றது. வரிக்கு மேலே, சொற்களின் இடைவெளிகளில், பொடியாக ஏதோ சேர்த்து எழுதியிருந்தது. முதலில் ஒரு கீற்று. சற்றுத் தள்ளி ஒரு கொக்கி போட்ட சின்னச் சொல். என்னிடமிருந்த அச்சு நகலில் அந்த இரண்டும் இல்லை.

பிரெஞ்சில் 'இனிமேல் கூடாது' என்று சொல்ல, முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு பொடிச் சொற்கள் வேண்டும். இவை நான் பயந்த அந்தச் சொற்களாக இருந்தால், வாக்கியம் 'அவர் என்னைத் த்யு என்று கூப்பிட வேண்டும்' என்பது அல்ல. 'அவர் என்னை இனிமேல் த்யு என்று கூப்பிடக் கூடாது.'

காப்பகத்துப் பெண்மணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இருக்கலாம், மதாம். கறையாகவும் இருக்கலாம்" என்றார். அதைவிட மோசமான பதிலை யாரும் சொல்லியிருக்க முடியாது. படமெடுக்க அனுமதி உண்டு. அலைபேசியில் பன்னிரண்டு படம் எடுத்தேன். நான்குதான் தேறின.

சனிக்கிழமை காப்பகம் விடுமுறை. பார்க்க வேண்டியவை என்று வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்த பட்டியலில் ஓரிடத்துக்கும் போகவில்லை. பவானியின் கடையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை லா சப்பலில் கால் வைக்க இடமில்லை. புடவைக்கடைக்கு வந்த கல்யாண வீட்டுக்காரர்கள், நகைக்கடை வாசலில் தள்ளுவண்டிக் குழந்தைகள், ஒரே அலைபேசியில் மூன்று பேராக முகம் காட்டி ஊரோடு பேசுகிறவர்கள். பவானி பில் போட்டபடியே என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அவர் சட்டென்று, பாரிஸுக்கு வெளியே பொண்டி என்ற புறநகரில் ஒரு புதுச்சேரி ஐயா இருக்கிறார், பழைய பதிவேடு வாசிப்பதில் கெட்டிக்காரர், சனிக்கிழமை தவறாமல் மீன் வாங்க வருவார் என்றார்.

பதினோரு மணிக்கு அவரே வந்தார். பெயர் சவரிநாதன், எல்லோருக்கும் முசியே சவரி. கோடைக்காலத்திலும் கழுத்தில் மஃப்ளர். நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளோடு முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். என் அலைபேசியை வாங்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லை, நின்றபடியே சொல்ல முடியாது என்றார். "நாளைக்கு வீட்டுக்கு வாங்க மதாம். மேரியில நான் பாக்காத கிறுக்கலா? உக்காந்து பாப்போம்." மேரி என்றால் நகராட்சி அலுவலகம். மேரி மாதா என்று நினைத்து நான் ஒரு கணம் பக்தியோடு தலையாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பொண்டிக்கு ரயில். பவானி நிறுத்தங்களைக் காகிதத்தில் எழுதியே கொடுத்திருந்தார். அந்தத் தடம் ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும், பலகையைப் பார்த்து ஏற வேண்டும் என்று இரண்டு முறை சொல்லியும் அனுப்பினார். நான் பலகையைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொண்டி வர வேண்டிய இடத்தில் ரோனி என்று ஓர் ஊர் வந்தது. எதிரே மடியில் பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்த மூதாட்டியிடம் கேட்டேன். "தவறான ரயில், அன்பே. நானும் மாதத்தில் ஒருமுறை இப்படி வருவேன். பூனைக்குப் பழகிவிட்டது" என்றார். இருவரும் இறங்கி எதிர்ப் பக்கம் போய்ப் பத்து நிமிடம் காத்திருந்தோம். பூனை என்னை ஏளனமாகப் பார்த்தது.

முசியே சவரியின் வீடு சின்னத் தோட்டம் வைத்த தனி வீடு. அவர் மனைவி மட்டன் குழம்பு வைத்திருந்தார். அதோடு சாப்பிடச் சோறு இல்லை, நீளமான பாகெத் ரொட்டி. குழம்பில் ரொட்டியை முக்கிச் சாப்பிடும்போது மதுரை பரோட்டாவுக்கு நான் செய்தது துரோகமா என்று யோசித்தேன். இல்லை என்று முடிவு செய்து இன்னொரு துண்டு எடுத்தேன்.

கை கழுவிவிட்டு அவர் கண்ணாடியை மாட்டினார். படங்களைப் பேத்தியின் கணினியில் போட்டுப் பெரிதாக்கினார். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, அந்தச் சொல்லை அவர் முதலில் பார்க்கவே இல்லை. பக்கத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். குமாஸ்தா எங்கே அவசரப்படுகிறான், எங்கே மை தொடுகிறான், எந்த எழுத்துக்குக் கொக்கி போடுகிறான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தாவது வரியில் 'இனி' என்ற பொருளில் வரும் 'ப்ளூ' என்ற சொல் ஒருமுறை வந்தது. பதினோராவது வரியில் இன்னொருமுறை. இரண்டிலும் கடைசி எழுத்து தூண்டில் முள்போல் உள்ளே வளைந்திருந்தது. பிறகுதான் வரிக்கு மேலே இருந்த பொடிச் சொல்லுக்கு வந்தார். அதே தூண்டில்.

"கறை இல்ல, மதாம். எழுதும்போது விட்டுட்டான். படிச்சுக் காட்டும்போது அந்தப் பொம்பள சொல்லியிருக்கணும், நான் அப்படிச் சொல்லலன்னு. அப்புறம் மேல போட்டுக் குடுத்திருக்கான். நாங்களும் அப்படித்தான் போடுவோம்."

அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்த்து, சர்க்கரை இன்னொரு கட்டி போட்டார்.

திரும்பும் ரயிலில், சரியான ரயிலில், அவளைப் பற்றி மறுபடி யோசித்தேன். நோட்டரி அவளை எந்நாளும் 'த்யு' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார், எஜமானர் வேலைக்காரியைக் கூப்பிடுவதுபோல். புரட்சி வந்து எல்லோரும் அப்படியே கூப்பிடலாம் என்றதும், அவர் ஒரு பழக்கத்தையும் மாற்றாமலே புரட்சிக்காரராகிவிட்டார். அவளுக்கு அது போதவில்லை. எல்லோரும் சமம் என்றால், பிறந்ததிலிருந்து கேட்காத 'வூ'வை இப்போதாவது கேட்டுவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். நம் ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இது புரியும். எனக்குத்தான் இருபத்திரண்டு வருடம் புரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், கூடவே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அவள் நான் எழுதியதைவிடக் கெட்டிக்காரி.

திங்கட்கிழமை மதாம் எலேனைச் சந்தித்தேன். இத்தனை வருடக் கடிதப் பழக்கத்துக்குப் பின் முதல் சந்திப்பு. அவர் வீட்டருகே ஒரு காப்பிக்கடை. ஒல்லியான உயரமான மனுஷி. இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, நான் மூன்றாவதும் உண்டென்று தலையை நீட்டியதில் மூக்கு இடித்து, சிரித்து உட்கார்ந்தோம். பயணம், உடம்பு, வெயில் எல்லாம் பேசி முடித்த பிறகு படத்தை எடுத்துக் காட்டி, முசியே சவரி சொன்னதையும் சொன்னேன்.

வெகுநேரம் பார்த்தார். காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார், அதில் சர்க்கரையே போடவில்லை. தன் புத்தகத்தின் புதிய பதிப்பு அச்சுக்குப் போய்விட்டது என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "புதன்கிழமையே சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். அது உண்மை. அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். இந்த முறை முத்தமில்லை, கைகுலுக்கல். நான் ஆற்றங்கரையோரமாக வெகுதூரம் நடந்தேன். பாரிஸின் பிரசித்தமான இடங்களையெல்லாம் அன்றுதான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். எதுவும் ஞாபகத்தில் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை, சொல்வதென்று முடிவானால் கையில் இருக்கட்டும் என்று, மறுநாள் படிக்க வேண்டிய கட்டுரையைப் பவானியின் சமையலறை மேசையில் பிரித்து வைத்தேன். கடைசி ஆறு பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும், அதுவும் இந்த நூற்றாண்டின் பிரெஞ்சில். பவானியின் மகள் நிலா உதவிக்கு வந்தாள். பத்தொன்பது வயது, சட்டம் படிக்கிறாள். அம்மா தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் ரகம். நான் தமிழும் ஆங்கிலமும் பழம் பிரெஞ்சும் கலந்து சொல்லச் சொல்ல, அவள் மடிக்கணினியில் தட்டினாள். அவ்வப்போது, "இப்படி இப்போது யாரும் பேசுவதில்லை, பேராசிரியரே" என்றாள். மணி எட்டரை ஆகியும் ஜன்னலில் நல்ல வெளிச்சம்.

பவானி புட்டு அவித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். சலவைக்காரி 'இனிமேல் அப்படிக் கூப்பிடக் கூடாது' என்று கேட்ட இடம் வந்தபோது அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் இப்பிடி ஒண்டு நடந்தது, ரீச்சர்."

கடையில் சேர்வதற்கு முன்னால் அவர் நான்கு வருடம் ஓர் அலுவலகக் கட்டிடத்தில் துப்புரவு வேலை பார்த்தாராம். மேற்பார்வைக்கு ஓர் இளைஞன், இவரைவிடப் பத்து வயது சின்னவன். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு 'வூ', பவானிக்குத் 'த்யு'. "அன்பாக் கதைக்கிறான் எண்டு நினைச்சனான்" என்றார். பிறகு மாலை நேர பிரெஞ்சு வகுப்பில் வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். மறுநாளே அவனிடம் போய், எனக்கும் 'வூ' சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

"அவன் சிரிச்சான். இஞ்சை நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம் எண்டான். அடுத்த கிழமை என்னை வேறை கட்டிடத்துக்கு மாத்தினவன். விடிய அஞ்சு மணி வேலை. மூண்டு மாசம் செய்துபோட்டு விட்டிட்டன்."

நிலாவின் விரல்கள் நின்றிருந்தன. நான் அங்கே தங்கிய நாட்களில் அவள் அம்மாவிடம் தமிழில் பேசி அப்போதுதான் கேட்டேன்.

"ஏனம்மா எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"அப்ப நீ சின்னப்பிள்ளை. பிறகு நீ கேக்கேல்லை."

நிலா எழுந்து போய் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பவானி, அடுப்பில் புட்டு இருக்கிறது என்று அவளை விலக்கிவிட்டு எழுந்தார். கட்டுரையில் இதையும் சேர்க்கலாமா என்று நிலா என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பவானி மறுத்துவிட்டார். "என்ரை கதை என்னோடை இருக்கட்டும். அந்த மனிசியின்ரை கதையை ஒழுங்காச் சொல்லுங்கோ, அது காணும் எனக்கு." புதன்கிழமை சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி அந்த இடத்திலேயே முடிந்துபோனது. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தையும் எழுதி முடித்தோம்.

கருத்தரங்கில் நாற்பது பேர் இருந்தார்கள். முதல் வரிசையில் மதாம் எலேன், கையில் குறிப்பேடு. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் பாதியில் எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு திரையில் படத்தைப் போட்டேன். இந்தத் தாளை நான் ஐந்து நாள் முன்புதான் முதல்முறையாகப் பார்த்தேன், அச்சு நகலில் இரண்டு சொற்கள் விடுபட்டிருக்கின்றன, அவற்றை நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு புதுச்சேரித் தமிழர் எனக்குப் படித்துக் காட்டினார், ஆகவே இதை வைத்து நான் இதுவரை எழுதியது தவறு என்றேன். அறையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

பின்வரிசை இளைஞர் ஒருவர், அப்படியானால் உங்கள் வாதம் மொத்தமும் விழுந்துவிடுகிறதா என்று கேட்டார். பாதி விழுகிறது, மீதிப் பாதி எதன்மேல் நிற்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். சிரித்தார்கள். எனக்கு உயிர் வந்தது.

அப்போது மதாம் எலேன் எழுந்தார். அந்த நகலை அனுப்பியது நான்தான் என்றார். "காப்பகம் என் வீட்டிலிருந்து மெட்ரோவில் நாற்பது நிமிடம். இவர் கடல் தாண்டி வந்து பார்த்தார். நான் போகவில்லை." குறிப்பேட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு ஒரே ஒரு கேள்வி. கமிட்டி என்ன தீர்ப்புச் சொன்னது?"

அச்சு நகல் கோரிக்கையோடு முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை அந்த இரண்டு சொற்களைப் பார்த்த அதிர்ச்சியில் நான் தாளைத் திருப்பவே இல்லை.

வியாழக்கிழமை காலை, ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள், நாங்கள் இருவரும் சேர்ந்து காப்பகத்துக்குப் போனோம். மெட்ரோவில் அவர் அச்சகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டே வந்தார். பதிப்பைப் பத்து நாள் நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறாராம். பெட்டி வந்ததும், நீங்கள் திருப்புங்கள் என்றார். திருப்பினேன்.

பின்பக்கம் ஆறு வரிதான். குமாஸ்தாவின் தூண்டில்கள் இப்போது எனக்குப் பழகியிருந்தன. இருவரும் தலையை ஒட்டவைத்துச் சொல் சொல்லாகப் படித்தோம். நோட்டரி அந்தக் குடிமகள் விரும்புகிறபடி அவளிடம் பேச வேண்டும், இல்லையென்றால் தன் துணியை வெளுக்க வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. மதாம் எலேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. காப்பகத்துப் பெண்மணி உதட்டில் விரல் வைத்து எங்களை எச்சரித்தார். கீழே, நடுக்கமான பெரிய எழுத்துகளில், ஒவ்வொன்றாகக் கோத்து எழுதிய ஒரு கையெழுத்து. மார்கெரித் வதேல். முன்பக்கத்தில் 'இவ்வட்டாரத்துச் சலவைக்காரி' என்று மட்டும்தான் இருக்கும். பெயரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

மாலையில் லா சப்பலுக்குத் திரும்பி நேராகக் கடைக்குப் போனேன். பவானி ஒருவருக்கு மரவள்ளிக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தார். தீர்ப்பைச் சொன்னேன். கிழங்கைத் தராசிலேயே விட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"நல்ல தீர்ப்பு. உடுப்பைத் தானே தோய்க்கட்டும்." பிறகு பெயர் என்ன என்றார். மார்கெரித் என்றேன். அந்தப் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"ரீச்சர், ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. வந்த நாளிலையிருந்து நீங்கள் அந்த மனிசியை 'அவள், அவள்' எண்டுதான் சொல்லுறியள். ஏன்? நாங்கள் எண்டால் 'அவ' எண்டுவம்."

கிழங்கு வாங்க நின்றவரும் என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் 'அவ' மரியாதைச் சொல். மதுரையிலும் மரியாதைக்குரிய பெண்ணை 'அவங்க' என்றுதான் சொல்வோம். எனக்குத் தெரியாததல்ல. என் தமிழ்ப் புத்தகத்தில் அரசியைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அதில் 'அரசியார் கூறினார், அவர் மறுத்தார்' என்று எழுதியிருக்கிறேன். அடுத்த அத்தியாயத்தில் சலவைக்காரி 'கேட்டாள், போனாள், வந்தாள்'. ஒருமையைப் பற்றி முப்பது வருடம் ஆராய்ச்சி செய்தவள் நான். தெரியவில்லை பவானி, கை அப்படியே பழகிவிட்டது என்றேன். அவர் கிழங்கைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, எனக்குப் பால் விடாத பிளேன்ரீ ஒன்று வரவழைத்தார்.

முக்காலியில் உட்கார்ந்து, மடிக்கணினியில் தமிழ்ப் புத்தகத்தின் பழைய கோப்பைத் திறந்து, அங்கேயே திருத்த ஆரம்பித்தேன். மார்கெரித் வதேல் என்ற சலவைத் தொழிலாளி புகார் கொடுத்தார். அவர் தன் கோரிக்கையைத் தானே சொன்னார். படித்துக் காட்டியபோது பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார். தன் பெயரைத் தன் கையால் எழுதினார். தமிழில் சுட்டுப்பெயரை மாற்றினால் வினைச்சொல்லும் மாற வேண்டும், அதனால் வேலை இரட்டிப்பு. நோட்டரி வரும் இடங்களில் மட்டும் 'அவன்' என்று மாற்றிவிடக் கை துறுதுறுத்தது. விட்டுவிட்டேன். அவரும் அவராகவே இருக்கட்டும்.